அனுமதி கேட்கும் பெட்டி

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் ரோட்டில் ஒரு மருந்துக்கடை. அதன் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். முதலாளி ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்து, கொழும்பில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவரை நாங்கள் சேர் என்போம். அங்கே என் வேலை எண்ணுவது. ஒரு வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், எதைப் பார்த்த பிறகு அறை எடுத்தார்கள் என்றெல்லாம் கணக்கெடுத்து மாதா மாதம் அறிக்கை கொடுக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா கேட்டார், அப்படி என்னதான் செய்கிறாய் என்று. தேயிலைக் கொழுந்து நிறுப்பது போலத்தான், இங்கே ஆட்களை நிறுக்கிறோம் என்றேன்.

"ஆள நிறுத்து என்னா பண்ணப் போறாங்க?" என்றார் அம்மா.

அம்மா கொழுந்து எடுப்பவர். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பாவும் அங்கேதான் வேலை செய்தார். நான் வெளியூரில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தபோது அவர் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அதன் பிறகு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவில் அம்மாவும் நானும்தான்.

எங்கள் ஆபீஸின் பெரிய வாடிக்கையாளர், எங்கள் தோட்டத்து மேனேஜரான துரையின் பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றிய கம்பெனி. அறையும் விற்றார்கள், வெளிநாட்டுக்காரர்களுக்குத் தேயிலைப் பைக்கற்றும் விற்றார்கள். அந்த வெப்சைட்டைத் திறந்தால் திரை முழுக்க ஒரே படம். இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தலையில் கூடைக் கயிறும் நெற்றியில் சிவப்புப் பொட்டுமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். அது என் அம்மா.

சேர்ந்த முதல் நாளே சேரிடம் சொல்லிவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கொழும்பு மெடத்துக்கிட்ட இதச் சொல்லிக்க வேணாம் தங்கச்சி. வேலை வேலையா இருக்கட்டும்" என்றார்.

மெடம் என்பது அந்தக் கம்பெனியின் விளம்பரப் பகுதிக்குப் பொறுப்பான அம்மையார். கொழும்பில் இருப்பார். எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார், கோபம் வந்தால் சிங்களத்துக்கு மாறிவிடுவார். அவரிடம் சொல்ல எனக்கும் அவசியம் இருக்கவில்லை. உண்மையில் அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது. அம்மா நெற்றியில் பொட்டு இருந்ததால் அது அப்பா இருந்த காலத்தில் எடுத்தது என்று நினைத்திருந்தேன். தினமும் காலையில் ஆபீஸுக்குப் போய் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். அப்பா உயிரோடிருந்த ஒரு நாளுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

பிரவுசர்கள் தங்கள் விதிகளை இறுக்கத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது.

அதுவரை எங்கள் தொழிலே குக்கியை நம்பித்தான் நடந்தது. ஒருவர் நம் வெப்சைட்டுக்கு வரும்போது அவருடைய பிரவுசருக்குள் ஒரு சின்னக் குறிப்பைப் போட்டு வைப்போம். அதுதான் குக்கி. அடுத்த முறை அவர் வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, போன மாதம் வந்தவர்தான் இவர் என்று தெரிந்துகொள்வோம். விளம்பரக் கம்பெனிகளும் அதே போலத் தங்கள் குறிப்புகளைப் போட்டு, ஒரே ஆளைப் பத்து வெப்சைட்டுகளில் பின்தொடர்ந்து போவார்கள். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. பிறகு ஒரு பிரவுசர், வெளியார் போடும் குக்கிகளை உள்ளேயே விடமாட்டேன் என்றது. நாங்களே எங்கள் பக்கத்தில் போடும் குக்கியையும் ஒரு வாரத்தில் அழித்துவிட்டது. இன்னும் சில பிரவுசர்கள் அதே வழியில் போயின. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களிடம் முதலில் அனுமதி கேட்காமல் எதையும் போடக்கூடாது என்ற சட்டம் வேறு.

இலங்கைக்கு வரும் வெள்ளைக்காரர் யாரும் ஒரே வாரத்தில் முடிவெடுப்பதில்லை. குளிர் காலத்தில் ஒரு நாள் படத்தைப் பார்ப்பார், மனைவியிடம் காட்டுவார், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து அறை எடுப்பார். அதற்குள் எங்கள் குறிப்பு அழிந்திருக்கும். ஒரே ஆள் எங்கள் கணக்கில் இரண்டு அந்நியர்களாக நிற்பார். அறைக்குப் பணம் கட்டும் பக்கம் வேறொரு கம்பெனியுடையது. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போகும்போது அவரை அடையாளம் காட்டிய குக்கியும் வெளியார் குக்கிதான். அதுவும் போய்விட்டது. ஹோட்டலில் அறைகள் நிரம்பித்தான் இருந்தன. எங்கள் அறிக்கையில் மட்டும், வந்தவர்கள் எல்லோரும் வானத்திலிருந்து குதித்தவர்கள் போல, எங்கிருந்து வந்தார்கள் என்பதே தெரியாமல் இருந்தார்கள்.

மெடம் வீடியோ அழைப்பில் வந்து சத்தம் போட்டார். விளம்பரத்துக்கு இவ்வளவு செலவழிக்கிறோம், ஒருவரும் திரும்பி வருவதில்லை என்கிறது உங்கள் அறிக்கை, நீங்கள் அங்கே மலையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சேர் என் பக்கம் திரும்பினார். நான் விளக்கினேன். பிரவுசர் என்ன செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். மெடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அவர்களைக் கேட்காமலே அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லையா?"

இருக்கிறது என்றேன். திரையின் அளவு, எழுத்து வகை, எந்த மாதிரி போன் என்று நூறு விஷயங்களைச் சேர்த்துப் பார்த்து ஆளை ஊகிக்கலாம், ஆனால் பிரவுசர்கள் அதையும் தேடிப் பிடித்து அடைக்கின்றன, சட்டத்திலும் அதற்கு இடமில்லை என்றேன். சேர் இடையில் புகுந்து, அந்த வழி வேண்டாம், நேர் வழியிலேயே செய்வோம் என்றார். மெடம் அரைமனதோடு சம்மதித்தார்.

நேர் வழி என்பது பல மாதத்து வேலை. சொல்லிக்கொடுக்க ஹட்டனில் ஆள் கிடையாது. ஆங்கிலத்தில் இருந்ததையெல்லாம் வாசித்து வாசித்து, உடைத்து உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வெளியார் குக்கி எதையும் நம்பாமல், ஹோட்டலின் சொந்தப் பெயரிலேயே ஒரு சர்வரை வைத்து, வருகிற தகவல் முதலில் அதற்கு வருமாறு மாற்றினேன். குறிப்பைப் பக்கத்தில் ஓடும் நிரல் போடாமல் அந்த சர்வரே போட்டதால் அது சீக்கிரம் அழியவில்லை. பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிறவரோடு ஒரு அடையாள எண் லிங்க்கிலேயே போகும்படி செய்தேன். அனுமதி தராதவர்களைத் தனி ஆளாகப் பார்க்காமல் மொத்தத் தொகையில் மட்டும் சேர்த்தேன். மழை பெய்தால் கரண்ட் போகும், கரண்ட் வந்தால் இன்டர்நெட் போகும். போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்த அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த வேலை நடந்தது.

கடைசியாக அனுமதி கேட்கும் பெட்டி. பக்கத்தைத் திறந்ததும் கீழிருந்து எழும்பும் வெள்ளைப் பெட்டி அது. 'உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்' என்று அதில் எழுதினேன். ஆங்கிலத்தில், ஜெர்மன் மொழியில், பிரெஞ்சில், சிங்களத்தில், தமிழில். அடியில் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான்கள். இரண்டையும் ஒரே அளவில் வைத்திருந்தேன். மெடம் பார்த்துவிட்டு, முதலாவதைப் பச்சையில் பெரிதாகவும் இரண்டாவதைச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகவும் மாற்றச் சொன்னார். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி என்றேன். சின்னதாக இருந்தாலும் இருக்கிறதுதானே என்றார். மாற்றிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லா போனிலும் பெட்டி ஒழுங்காக எழும்புகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போனில் அவர் முகம். கழுத்துக்குக் கீழே வெள்ளைப் பெட்டி.

"இதென்னா புள்ள, என் மேல பொட்டியக் கொண்டாந்து வச்சிருக்க?"

"அது வந்து, வெப்சைட்ட பாக்க வர்றவங்ககிட்ட பெர்மிஷன் கேக்குறதும்மா. ஒங்களப் பத்தின வெவரத்த நாங்க குறிச்சுக்கலாமான்னு."

"கேட்டுட்டா குறிக்கிறீங்க?"

"கேட்டுட்டுத்தான் குறிக்கணும். சட்டம்."

அம்மா கூந்தலைத் துண்டால் தட்டிக்கொண்டே, "நல்ல சட்டந்தான்" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே நல்ல சட்டம் என்றுதான் சொன்னார்.

எனக்குத்தான் திடீரென்று கேட்கத் தோன்றியது. "இந்தப் படம் எடுக்குறப்ப ஒங்ககிட்ட கேட்டாங்களாம்மா?"

"யாரு கேட்டா? கங்காணி வந்து, தொரை ஆள் அனுப்பிருக்காரு, நீங்க நாலு பேரு ரோட்டோர மலைக்கு வாங்கன்னாரு. போனோம். சிரிங்கன்னாங்க. சிரிச்சோம். மத்தவங்க சிரிக்கிறது சரியில்லன்னு என்னய மட்டும் நிக்க வச்சு எடுத்தாங்க."

"அப்பா அன்னைக்கி எங்க வேலைக்குப் போயிருந்தாரு?"

அம்மா துண்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பாவா? அது ஒங்கப்பாவோட கருமாதி முடிஞ்சு நான் வேலைக்கு எறங்குன மொத வாரம் புள்ள."

எனக்கு விளங்கவில்லை. படத்தைக் காட்டி, "பொட்டு இருக்கே" என்றேன்.

"அவங்க வச்சது. கேமராக்காரனோட ஒரு பொம்பளப் புள்ள வந்திருந்துச்சு, கொழும்புப் புள்ள. என் நெத்தியப் பாத்துட்டு சிங்களத்துல என்னமோ சொல்லிச்சு. பையிலேருந்து ஒட்டுற பொட்டு ஒண்ண எடுத்து ஒட்டிருச்சு. நான் வேணாம்னு கையத் தூக்குனேன். அதுக்கு விளங்கல. கங்காணிக்கு விளங்குச்சு. கொஞ்ச நேரந்தானே அம்மா, பொறுத்துக்கங்கன்னாரு."

"நீங்க சும்மா இருந்தீங்களா?"

"கூட நின்னவளுக மூணு பேரும் தலையக் குனிஞ்சிட்டாளுக. அதான் அவளுக சிரிப்பு சரியில்லாமப் போச்சு." அம்மா எழுந்தார். "படம் எடுத்து முடிச்சதும் உரிச்சு எறிஞ்சிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிட்டேன். இத்தன வருசங் கழிச்சு இப்ப எதுக்குக் கேக்குற?"

அடுத்த நாள் ஆபீஸுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் திறக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. திறந்தேன். இத்தனை காலம் அப்பாவின் உயிருள்ள நாள் என்று நினைத்து நான் தினமும் எட்டிப் பார்த்தது, அவரை மண்ணில் வைத்த பிறகான ஒரு நாள். அதில் அம்மா சிரிக்கிறார்.

சேரிடம் சொன்னேன். மெடத்திடம் நேரம் பார்த்துப் பேசலாம் என்றார். நேரம் வரவில்லை. அதற்குள் வேறொன்று வந்தது.

ஜெர்மனியிலிருந்து ஒருவர் ஹோட்டலுக்கு ஈமெயில் அனுப்பியிருந்தார். சில காலத்துக்கு முன் உங்கள் வெப்சைட்டைப் பார்த்தேன், அனுமதிப் பெட்டியில் தவறுதலாகப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன், என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எனக்கு உறுதி சொல்லுங்கள் என்று மரியாதையாக எழுதி, தன் பிரவுசரில் நாங்கள் போட்ட அடையாள எண்ணையும் குறித்திருந்தார். அவர் அறை எடுத்தவர்கூட இல்லை. சும்மா பார்த்துவிட்டுப் போனவர். மெடம் பதறிப்போனார். வழக்கு, அபராதம் என்று என்னென்னவோ சொல்லி, கையிலிருக்கும் வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதை முதலில் முடிக்கச் சொன்னார். அந்த மனிதர் எங்களிடம் விட்டுப்போனது என்ன? ஒரு அடையாள எண், நான்கு பக்கங்கள் பார்த்த சுவடு, அம்மாவின் படத்தில் சற்று நேரம் நின்ற சுவடு. அவ்வளவுதான். நான் சர்வரிலும் அதன் பிரதிகளிலும் தேடித் தேடி அதையெல்லாம் துடைத்து எடுத்தேன். மெடத்தின் பெயரில் மன்னிப்புக் கடிதமும் நானே எழுதினேன். 'உங்கள் விருப்பத்துக்கு மதிப்பளிப்பது எங்கள் கடமை' என்று முடித்தேன்.

அதற்கு நன்றி சொல்ல மெடம் அழைத்தபோது சேரைக் கேட்காமல் நானே பேசிவிட்டேன்.

"மெடம், முகப்பில் இருக்கும் படத்தை எடுத்துவிட வேண்டும். அது என் அம்மா. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை." பொட்டு விஷயத்தையும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது என்னவோ ஒரு சின்ன விஷயம் போல ஆகிவிட்டது. விதவை என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் இருந்தது. கருமாதிக்கும் பொட்டுக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் குரல் யாரோ சுற்றுலாக்காரருக்கு ஊர் காட்டுகிறவளின் குரல் போல எனக்கே கேட்டது.

மெடம் கோபப்படவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார் போலத்தான் இருந்தது. "எவ்வளவு அழகான அம்மா உனக்கு" என்றார். பிறகு, "ஆனால் உன் அறிக்கையையே பார். நீ எல்லாவற்றையும் சரி செய்த பிறகு இப்போதுதானே தெளிவாகத் தெரிகிறது? அந்தப் படத்தில் நிற்கிறவர்கள்தான் அதிகம் அறை எடுக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு நான் எதை வைப்பது?" என்றார்.

நான் செய்த வேலை நன்றாக இருந்தது. அதில் பிழை இல்லை.

அனுமதிதானே பிரச்சினை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெடம் அழைப்பை முடித்தார். பார்த்துக்கொள்வது என்றால் படத்தை எடுப்பது என்று நான் நம்பினேன். அடுத்த வாரமும் படம் அங்கேயே இருந்தது. நினைவூட்டி எழுதினேன். அனுமதி கிடைத்துவிட்டது, நன்றி என்று ஒரு வரிப் பதில் வந்தது.

அன்றைக்கு மாலையில் வீட்டுக்குப் போனதும், படத்துக்கு அனுமதி கேட்டு யாராவது வந்தார்களா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமா, பீல்டு ஐயா வந்தாரு" என்றார் அம்மா. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் அதிகாரி அவர். "காம்பராவுக்கே வந்தாரு, உள்ள வரமாட்டேன்னு வாசல்லயே நின்னாரு. தாள் ஒண்ணு கொண்டாந்திருந்தாரு. கையெழுத்துக் கேட்டாரு. போட்டுக் குடுத்தேன்."

"என்னா தாள்னு கேட்டீங்களா?"

"ஒன் மக வேலை சம்பந்தமாத்தான், அந்தப் படத்துக்குன்னாரு."

"இங்கிலீஸ்ல இருந்துச்சா?"

"ஆமா."

"மாட்டேன்னு சொல்லிருக்கலாந்தானேம்மா! ஒங்களுக்குப் புடிக்காத படந்தானே அது?"

அம்மாவுக்கும் கோபம் வந்தது. "மாட்டேன்னு எங்கன போடுறது புள்ள அதுல? கையெழுத்துப் போட ஒரு கோடுதான் இருந்துச்சு. ஐயா வாசல்ல நிக்கிறாரு, ஒன் வேலையச் சொல்றாரு, நான் என்னா பண்ண? நீ போயி அங்க என்னத்தப் பேசுன? பேசாம இருந்திருந்தா அந்தத் தாளே வந்திருக்காதுல்ல?"

அது உண்மைதான். கேட்காமல் எடுத்த படமாக இருந்தவரைக்கும் அது அவர்கள் செய்த தப்பாக இருந்தது. நான் வாய் திறந்ததால் அது அம்மா சம்மதித்த படம் ஆகிவிட்டது.

மறுநாள் சேரிடம் அந்த ஹோட்டல் வேலையை என்னால் இனிச் செய்ய முடியாது என்றேன்.

"கோவப்பட்டு என்னா ஆகப் போகுது தங்கச்சி? நீங்க விட்டா இன்னொருத்தர் செய்வாங்க. படம் அங்கதான் இருக்கும்."

"இருக்கட்டும் சேர். நான் எண்ண மாட்டேன்."

அவர் நல்ல மனிதர். என்னை அனுப்பிவிடவில்லை. கினிகத்தேனையிலிருந்து வந்து போகும் சிங்களப் பெண் ஒருத்தி எங்களோடு வேலை செய்தாள். அவளிடம் அந்தக் கணக்கைக் கொடுத்தார். நான் எப்படிச் செய்தேன் என்பதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முகப்புப் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் தண்ணீர் குடிக்கப் போவதாக எழுந்துவிடுவேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சேர் சொல்லியிருப்பார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் பாவிக்கும் பெரிய பிரவுசர், வெளியார் குக்கிகளை அடியோடு நிறுத்தப் போவதாகப் பல வருடமாகச் சொல்லிப் பயமுறுத்திக்கொண்டே இருந்தது. தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் நிறுத்தப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. சேர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துச் சிரித்தார். "நாம பட்ட பாட்டுல பாதி வீணா தங்கச்சி?" என்றார். மற்ற பிரவுசர்கள் இறுக்கியது இறுக்கியதுதான், செய்த வேலை வீண் இல்லை என்றேன். அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். இன்றைக்கும் வேறு ஹோட்டல்களுக்கு அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன், அதே பெட்டியை வைக்கிறேன். இரண்டு பொத்தானும் ஒரே அளவு என்பதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கேட்கிறவர்களுக்குச் சட்டத்தைக் காரணம் சொல்கிறேன்.

போன தீபாவளிக்குச் சாமான் வாங்க அம்மாவும் நானும் ஹட்டன் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். வாசலோரம், சுற்றுலாக்காரர்களுக்காக அலங்காரமாக அடுக்கிய தேயிலைப் பைக்கற்றுகள். எல்லாவற்றிலும் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்கிய தாளில் பைக்கற்றும் அடங்கும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் முழுக்க ஆங்கிலம். கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது வெளிநாட்டுக்காரங்களுக்குள்ளதும்மா. நமக்குத் தேயிலத்தூள் அந்தப் பக்கம் சாக்குல இருக்கு" என்றார்.

அம்மா பைக்கற்றை எடுத்த இடத்திலேயே வைத்தார். முகம் உள்பக்கம் பார்க்கும்படி வைத்தார். பிறகு என்னிடம், "வா, பஸ் எடுத்துருவான்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.